வெள்ளைச் சேலையும் ஒரு லட்சம் ரூபாவும்



சவளக்கடையில் எங்கள் சிறுசேமிப்புக் குழு மாதத்தின் முதல் புதன்கிழமையில் கூடுவது வழக்கம். கடந்த முறை கூடிய அன்று விடியற்காலையிலிருந்தே மழை. கிட்டங்கியில் தண்ணீர் வீதிக்கு ஏறிவிடுமோ என்ற பயத்தில் கல்முனைப் பக்கமிருந்து வரவேண்டியவர்கள் வரவில்லை. வந்தவர்கள் பதினொரு பேர். கடன் தவணைகளை எழுதி முடித்துக் கணக்குக் கொப்பியை மூடிய பிறகும் மழை விடவில்லை. பிளேன்ரீ ஊற்றிக் குடித்துக்கொண்டு இருந்தோம். அப்போது ஒரு தங்கச்சியின் போனில் பழைய பாட்டொன்று போனது. கணீர் என்ற குரல். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலால் அந்தக் குரல் கேட்டது.

“இது ஔவையார்ர குரல்தானே புள்ள. எங்கட வாப்பா ரேடியோவில கேட்பார்” என்றார் ஒரு ராத்தா. எங்கள் குழுவில் தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள், முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள். குரலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெயரை இரண்டு பேர்தான் சொன்னார்கள், அதுவும் “கே.பி.எஸ்.” என்று மட்டும். அவருடைய கணவர் யார் என்று ஒருவர் கேட்டார். கணவர் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து என்று நான் சொன்னேன். யாரும் பேசவில்லை. பிறகு அதே ராத்தா கேட்டார், “அப்ப அவவ ஆர் பார்த்த?”

இந்த மாதப் பத்தி அந்தக் கேள்விக்குத்தான். மழை விட்டதால் அன்று என்னால் முழுவதும் சொல்ல முடியவில்லை.

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். கொடுமுடி என்பது தமிழ்நாட்டில் ஈரோட்டுக்கு அருகே காவிரிக் கரையில் உள்ள ஊர். பாலாம்பாள் என்பது தாயின் பெயர். தலையெழுத்தில் தகப்பன் பெயருக்குப் பதிலாகத் தாயின் பெயரை வைத்திருந்த பெண் அவர். நம்முடைய படிவங்களை நிரப்பும்போது “தந்தை அல்லது கணவர் பெயர்” என்ற கட்டத்தில் பேனை நின்றுவிடுகிறதே, அதை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். 1908ஆம் ஆண்டு பிறந்தார். தாய் ஒருத்தியே மூன்று பிள்ளைகளை வளர்க்கப் பாடுபட்ட வீடு. ரெயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியின் குரலை, நாடகத்தில் ஈடுபாடு கொண்ட ரெயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயர் கேட்டு நாடகத்தில் சேர்த்துவிட்டார் என்று சொல்வார்கள். வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, முதலில் கிடைத்தது நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் ஆண் பிள்ளையின் வேடம். அந்தப் பாட்டுக்கு அவருக்கு ஒருவரும் பயிற்சி கொடுத்திருக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

அந்தக் காலத்து நாடகம் இன்றைய நாடகம் போல் இல்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை போகும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் வேலியோரம் நிற்பவனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். அதனால் உச்சக் குரலில் பாடத் தெரிந்தவர்தான் நிலைக்க முடியும். “ஸ்பெஷல் நாடகம்” என்று ஒரு முறை இருந்தது. நடிகர்களைத் தனித்தனியாக ஓர் இரவுக்குப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை இல்லை. மேடையிலேயே ஒருவரை ஒருவர் பாட்டால் மடக்க வேண்டும். எதிரில் நிற்கும் ஆண் ஒரு பாட்டை நீட்டினால் பெண் அதற்கு மேல் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் சபை சிரித்துவிடும். பிள்ளையாக ஏறிய மேடையில் சுந்தராம்பாள் இப்படித்தான் வளர்ந்தார்.

இலங்கைக்கும் நாடகக் கம்பனியோடு சின்ன வயதிலேயே வந்தார். கொழும்பில் அவருக்குப் பெரிய பெயர். 1926ஆம் ஆண்டு கொழும்பில்தான் செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் அவர் ஒரே மேடையில் நடித்தார். கிட்டப்பாவும் பிள்ளை வயதில் மேடைக்கு வந்தவர். குரலில் அவருக்கு நிகர் இல்லை என்று பேசப்பட்ட காலம் அது. இருவரையும் மோதவிட்டு டிக்கற் விற்க நினைத்தார்கள். டிக்கற்றும் விற்றது, இருவருக்கும் காதலும் வந்தது. அடுத்த வருஷம் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். அது தெரிந்தே சுந்தராம்பாள் சம்மதித்தார். கைவிடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தார் என்று சொல்வார்கள்.

வாக்கு எத்தனை நாள் நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை. சில வருஷங்களில் கிட்டப்பா விலகிப் போனார். சுந்தராம்பாள் பிள்ளைத்தாய்ச்சியாகத் தாய்வீட்டில் இருந்தபோதும் வந்து பார்க்கவில்லை. அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சிலேயே வந்தன. குழந்தை பிறந்து சில நாட்களில் இறந்துபோனது. கிட்டப்பா குடியாலும் நோயாலும் தளர்ந்து 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இறந்தார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

இனி இசைத்தட்டுக் கதை. சுந்தராம்பாளின் வாழ்க்கையில் இசைத்தட்டு என்ன செய்தது என்பது தெரியாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1902ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் கிராமபோன் கம்பனியின் ஆள் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து ஒரு ஹோட்டல் அறையில் பதிவு செய்யத் தொடங்கினார். முதலில் பாடியவர்கள் சசிமுகி, பனிபாலா என்ற இரண்டு நாடகப் பெண்கள். சில நாள் கழித்து வந்தவர் கௌஹர் ஜான். ஆர்மீனிய வம்சத்தில் கிறிஸ்தவராகப் பிறந்து, தகப்பன் பிரிந்துபோன பிறகு தாயோடு இஸ்லாத்துக்கு வந்தவர். பாட்டைத் தாயிடமும் உஸ்தாதுகளிடமும் கற்றவர். பெரிய புனல் ஒன்றுக்குள் தலையை நீட்டி மூன்று நிமிஷத்துக்குள் பாட்டை முடிக்க வேண்டும். முடிந்ததும் “என் பெயர் கௌஹர் ஜான்” என்று ஆங்கிலத்தில் உரத்துச் சொல்வார். தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில்தான் அச்சாகின. யாருடைய பாட்டு என்று அங்குள்ளவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக அப்படிச் சொல்ல வைத்தார்கள். காரணம் அதுதான். ஆனாலும் நூற்றிருபது வருஷத்துக்கு முன் ஒரு பெண் தன் வேலையின் முடிவில் தன் பெயரைத் தானே சொல்லியிருக்கிறாள் என்பதைக் கேட்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

முதலில் பதிவானவர்கள் ஏன் பெண்கள்? “நல்ல குடும்பத்து”ப் பெண்கள் வெளியாருக்குப் பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. பெரிய வித்துவான்கள் தங்கள் பாட்டைக் கண்ட கண்ட கடையில் கேட்கவிட விரும்பவில்லை. மிஞ்சியவர்கள் ஏற்கெனவே பெயர் கெட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பாட்டுக்காரிகளும் நாடகப் பெண்களும். இழப்பதற்கு எதுவும் இல்லை என்று மற்றவர்கள் நினைத்த பெண்களே புதிய மிஷினின் முன்னால் நின்றார்கள். தமிழ்நாட்டிலும் இதே கதைதான்.

சுந்தராம்பாள் பதிவு செய்யத் தொடங்கிய 1920களின் பிற்பகுதியில் புனல் போய் மைக் வந்துவிட்டது. தட்டு மட்டும் அதே அரக்குத் தட்டு. மரத்தில் பூச்சி கட்டும் அரக்கைக் கல்மாவோடு கலந்து அழுத்திச் செய்வது. கீழே விழுந்தால் பீங்கான்போல உடையும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம். விடிய விடியப் பாடிப் பழகியவருக்கு மூன்று நிமிஷம் என்பது மூச்சு விடுவதற்குள் முடிந்துபோகிற நேரம். ஆனால் அந்தப் பழைய தட்டுகளின் பதிவுகளை இன்று கேட்டாலும் அவசரம் தெரியாது. இரைச்சல் இருக்கும், ஊசி உரசுவது கேட்கும், அதற்கு மேலால் குரல் வரும். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். பாட்டின் சொல் விளங்கவேண்டும் என்பதில் நாடகக்காரர்களுக்கு இருந்த பிடிவாதம் அது. என் சொந்த அபிப்பிராயம், பின்னாளில் சினிமாவுக்குப் பாடியவற்றைவிட இந்தத் தட்டுகளில்தான் குரல் முழுதாக இருக்கிறது. ஔவையாரைக் கேட்டுப் பழகியவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

முருகன் பாட்டுகள் மட்டும் அல்ல, அரசியல் பாட்டுகளும் பாடினார். 1931இல் மோதிலால் நேரு இறந்தபோது அவருக்கான இரங்கல் பாட்டு சுந்தராம்பாளின் குரலில் இசைத்தட்டாக வந்தது. காந்தியைப் பற்றியும் பாடினார். பத்திரிகை வாசிக்கத் தெரியாதவர்கள் தேநீர்க்கடைக் கிராமபோனில் அரசியலைக் கேட்ட காலம். மேடை அவரை ஓர் இரவுக்கு ஓர் ஊருக்குக் கொண்டுபோனது. தட்டு அவரில்லாமலே ஊர் ஊராகப் போனது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. 1933இல் கணவர் இறந்த பிறகு சுந்தராம்பாள் கொடுமுடி வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். வெள்ளைக் கதர்ச் சேலை, நகை இல்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று தீர்மானம். அந்தக் காலத்தில் அவருடைய சாதியிலும் மதத்திலும் ஒரு விதவைக்கு விதிக்கப்பட்டிருந்த இடம் அதுதான். ஊர் அவரை அங்கேயே விட்டிருக்கும். ஆனால் குரல் ஏற்கெனவே வெளியே இருந்தது. அவர் கதவைச் சாத்தியிருந்த நாட்களிலும் தட்டுகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. அதனால் தேடி வந்தார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் கூட்டங்களுக்குப் பாட அழைத்தார்கள். நாடகம் நடத்துபவர்கள் வந்தார்கள். கடைசியில் சினிமாக்காரர்களும் வந்தார்கள்.

ஹாசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் நந்தனார் கதையைப் படமாக்க விரும்பினார். சுந்தராம்பாளுக்கு விருப்பமில்லை. ஆனால் “மாட்டேன்” என்று சொல்லாமல் ஒரு லட்சம் ரூபா கேட்டார். அந்தத் தொகையைக் கேட்டால் ஆள் எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தே கேட்டார் என்பார்கள். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாவுக்குள் வாங்கக்கூடிய காலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூவாயிரம் பவுனுக்கு மேல். தயாரிப்பாளர் ஓடவில்லை, ஒப்புக்கொண்டார். இந்தியாவில் ஒரு படத்துக்கு ஒரு லட்சம் வாங்கிய முதல் நடிகர் இவர்தான் என்று எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் கணவனை இழந்து இரண்டு வருஷத்துக்குள்.

ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற தீர்மானம் என்னவாயிற்று? அவருக்கு நந்தனார் வேடம், அதாவது ஆண் வேடம். ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிரில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர் என்ற பெரிய சங்கீத வித்துவான். 1935இல் படம் வந்தது. படம் அவ்வளவு நன்றாக அமையவில்லை என்பதே அன்றைய பேச்சு. படத்தில் பனைமரமும் எருமைக்கடாவும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்று எழுத்தாளர் கல்கி கேலி செய்து எழுதினார். பாட்டுகளை யாரும் கேலி செய்யவில்லை.

அதற்குப் பிறகு சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940இல் மணிமேகலை. 1953இல் ஜெமினி வாசன் எடுத்த ஔவையார், அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய நாற்பத்தைந்து. 1964இல் பூம்புகார், 1965இல் திருவிளையாடல். 1950களில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1969இல் துணைவன் படப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. கொடுமுடியில் சொந்தமாகத் திரையரங்கு கட்டினார். 1980இல் இறந்தார். பசியால் அழும் பிள்ளையாகத் தொடங்கியவர் கடைசிவரை யாரிடமும் கையேந்தவில்லை.

சகோதரிகளே, இவரைப் பற்றி எழுதும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் புகழ்வார்கள். கணவன் இறந்த பிறகு 47 வருஷம் வெள்ளைச் சேலையோடு இருந்தாராம், பதிவிரதையாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தவளை வந்து பார்க்காத ஒரு மனிதனுக்காக அவர் அப்படி இருந்ததில் நாம் பின்பற்ற என்ன இருக்கிறது? ஆனால் சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இன்னொன்றையும் பார்க்கிறேன். அந்த வெள்ளைச் சேலை அவருக்குச் சிறையாக மட்டும் இருக்கவில்லை. இளம் வயதில் தனியாக இருக்கும் பெண், பணம் உள்ளவள், நாடகக்காரி. ஆண்கள் நிறைந்த மேடையிலும் ஸ்ரூடியோவிலும் அரசியல் கூட்டத்திலும் அவர் தலை நிமிர்ந்து போய்வர அந்தச் சேலை ஒரு வேலியாகவும் உதவியிருக்கிறது. அவர் அதை அப்படித் திட்டமிட்டாரா என்பது வேறு விஷயம். ஒரு பெண் தன் துக்கத்தைத் தானே ஒரு நிபந்தனையாக மாற்றியிருக்கிறார். இன்னாரோடு நடிக்கமாட்டேன், இன்ன வேடம்தான், இவ்வளவு காசு. நிபந்தனை அவருடையது. ஊர் விதித்ததும் அவர் விதித்ததும் வெளியே பார்த்தால் ஒரே வெள்ளைச் சேலைதான். உள்ளே இரண்டும் ஒன்றல்ல.

முஸ்லிம் சகோதரிகள் சிலர் கேட்கலாம், நமக்குத்தான் வெள்ளைச் சேலை இல்லையே என்று. உண்மைதான். இத்தா நாலு மாதமும் பத்து நாளும். அதற்குப் பிறகு மறுமணத்துக்கும் தடையில்லை. ஆனால் மார்க்கம் முடித்துவைத்த இத்தாவை ஊர் முடித்துவைக்கிறதா? எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். சிறு வயதில் உம்மாவோடு வயலுக்குப் போய்க் கவி பாடப் பழகியவர். நம் பகுதி முஸ்லிம் பெண்களின் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் சொல் இருக்கும், இழுவை இருக்காது. இவருக்கு அந்த இழுவை தெரியும். 2007இல் கணவரை இழந்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் வாய்விட்டுப் பாடவில்லை. “மாப்பிள்ள மௌத்தான வீட்டில பாட்டா” என்று மாமி ஒருநாள் கேட்டாராம். அந்த மாமியும் இப்போது உயிரோடு இல்லை.

மழை பெய்த அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவருடைய வீட்டுக்குத் தையல் மிஷின் கடன் விஷயமாகப் போனேன். பேத்தி போனை எடுத்து வந்து, “மூத்தம்மா பாடினத கேளுங்க மிஸ்” என்றாள். இரண்டு நிமிஷமும் சொச்சமும். கோழி கத்துகிறது, பின்னால் முச்சக்கர வண்டி போகிறது, நடுவில் ஒரு அடியை மறந்து திரும்பத் தொடங்குகிறார். “அதை அழிச்சிடு புள்ள” என்றார். பேத்தி அழிக்கவில்லை. எனக்கு அனுப்பவும் இல்லை, அனுப்பக்கூடாது என்பது அவரின் கட்டளை.

இது எப்படியோ வெளியே தெரிந்து, ஒரு கலாசார விழாக் குழுவினர் அவரைக் கேட்டு வந்தார்கள். மேடையில் கவி பாட வேண்டுமாம். பொன்னாடை போர்த்துவார்களாம். காசு பற்றிப் பேச்சில்லை. விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவருக்கும் பந்தல் போடுகிறவருக்கும் காசு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

சென்ற புதன்கிழமைக் கூட்டத்தில் இதைத்தான் பேசினோம். கணக்குக்கு அரை மணி நேரம், இதற்கு ஒன்றரை மணி நேரம். போகக்கூடாது என்றார் ஒருவர். காசு கேட்டால் இனிமேல் கூப்பிடமாட்டார்கள் என்றார் இன்னொருவர். வான் கூலியாவது கேளுங்கள் என்றார் மற்றொருவர். பெண்கள் மட்டும் இருக்கும் சபையென்றால் பாடலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. ராத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்த மனிசி ஒரு லட்சம் கேட்டாவே, அப்ப நெல்லு என்ன விலை?” என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பவுன் விலைதான் தெரியும், நெல் விலை தெரியாது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கவி பாடுகிறவர் சிரிக்கவில்லை. விழாக் குழுவினரை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரச்சொல்லி இருக்கிறார். என்ன கேட்கப் போகிறார் என்பதை எங்களிடம் சொல்லவில்லை.